மஞ்சள் தண்ணீரும் நாலாவது எபிசோடும்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். முதல் ஆள் என் வீட்டுக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பது வருடமாக இருக்கிறார். கல்யாணமான புதிதில், "இன்னைக்கு என்ன செஞ்சீங்க?" என்று ஆசையாகக் கேட்டேன். "வேலை இருந்துச்சு" என்றார். மறுநாளும் கேட்டேன். மறுநாளும் வேலை இருந்தது. அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். உள்ளே பார்ப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். குவார்ட்டர்ஸில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் இது பழக்கம்தான். எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு வீட்டிலும் ஆண்கள் வாயில் கொழுக்கட்டைதான்.

இரண்டாவது ஆள் என் மகள். எஞ்சினியரிங் படித்தாள். வேலையும் கிடைத்தது. எட்டே மாதத்தில் அதை விட்டுவிட்டு, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அனிமேஷன் செய்யும் இடத்தில் போய்ச் சேர்ந்தாள். முதல் நாளே ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம்.

"என்னடி வரையறே?"

"சொல்லக் கூடாதும்மா."

"பேராவது சொல்லேன்."

"பேரும்தான் சொல்லக் கூடாது. ஒரு சீரிஸ். சண்டை எல்லாம் வரும். அவ்ளோதான்."

வீட்டில் ஒருவர் போதாதென்று இப்போது இரண்டு பேர். அப்பாவும் மகளும் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள். நான் ஒருத்திதான் ரசத்தைப் பற்றியும் குழாய்த் தண்ணீரைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பேன். அந்தத் தொடருக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் "அது." அது எப்ப வரும், அதுக்கு இன்னைக்கு லேட்டாகும், அதுல ஏதோ மாத்தச் சொல்லிட்டாங்க. இப்படித்தான் பேசுவோம்.

அந்த வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம், ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் என்னிடம் வந்து குழைந்தாள். அவள் குழைந்தால் எனக்குப் பயம்.

"ம்மா, ஒரு அரை மணி நேரம் மாடிக்கு வரியா? ஒரு பொம்பளை ஈட்டியால சண்டை போடணும். உன் வயசு, உன் உடம்பு வாகு. நான் ஆடிப் பாத்தேன், ஒல்லிக்குச்சி ஆடற மாதிரி இருக்கு. நீ செஞ்சு காட்டினா வீடியோ எடுத்துப்பேன். அதைப் பாத்துப் பாத்து வரைவேன்."

"எனக்கு மூட்டு வலி."

"அந்த மூட்டு வலிதான்மா வேணும்."

இதைவிட ஒரு தாயை யாரால் அவமானப்படுத்த முடியும்? ஆனாலும் போனேன். நைட்டி மேல் துண்டு. ஈட்டிக்குப் பதில் ஒட்டடைக் குச்சி. அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், கைபேசியை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் வெயில் படாதாம். முதலில் நான் வெட்கப்பட்டுக்கொண்டு குச்சியை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். "ம்மா, ஒட்டடை அடிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். ஒட்டடைக் குச்சியைக் கையில் கொடுத்துவிட்டு வேறு எப்படி இருக்கும்?

"கொண்டையை அவுத்து விடு. முடி பறக்கணும். சும்மா ஆட்டாதே, கத்திக்கினே வீசு. கத்துனாதான் தோள் சரியா வரும். உன் பொண்ணை அடிக்க ஏழு பேர் வராங்கன்னு நெனச்சுக்கோ."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு இயல்பாகவே கோபம் கொஞ்சம் அதிகம். "வாங்கடா! எத்தனை பேருடா வரீங்க? வாங்கடா!" என்று கத்திக்கொண்டு குச்சியைச் சுழற்றினேன். முடி முகத்தில் விழுந்தது. எனக்கே நான் யார் என்று மறந்து போனது. ஒரு சுற்றுச் சுற்றி நிமிர்ந்தால், மாடிப் படியின் உச்சியில் கீழ் வீட்டுக்காரி துணி வாளியோடு நிற்கிறாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். அவள் புருஷனும் என் வீட்டுக்காரரும் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை. நல்ல மனசு, ஆனால் ஒரு செய்தி அவளிடம் போனால் அரை மணி நேரத்தில் பிளாக் முழுக்கப் போய்விடும். தொட்டிக்குப் பின்னால் இருந்த என் மகள் அவள் கண்ணில் படவில்லை. அவள் கண்ணில் பட்டதெல்லாம் ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, தலைவிரி கோலம், கையில் கம்பு, வாயில் சத்தம். வாளியைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே! இன்னா கொறை வெச்சோம்? எங்க மேல இன்னாத்துக்கு இம்மாங் கோவம்?"

நான் வாயைத் திறந்தேன். தொட்டிக்குப் பின்னால் என் மகள் உதட்டில் விரலை வைத்துத் தலையை அந்த ஆட்டு ஆட்டினாள். வேலை போய்விடும் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. இந்தக் கம்பு எதற்கு என்று சொன்னால் வீடியோ எதற்கு என்று சொல்ல வேண்டும். வீடியோ எதற்கு என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்வது கீழ் வீட்டுக்காரியிடம். முப்பது வருடத் தொழிற்சாலைக் குடித்தனம் எனக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. தெரியாமல் மாட்டிக்கொண்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சாமி பேச மாட்டேன் என்கிறதே என்று அவள் கீழே ஓடினாள். திரும்பி வரும்போது மூன்று வீட்டுப் பெண்கள், ஒரு கொத்து வேப்பிலை, ஒரு பக்கெட் மஞ்சள் தண்ணீர். நான் "வேண்டாம்" என்று சொல்வதற்குள் பக்கெட் முழுவதும் என் தலையில் இறங்கிவிட்டது. மூச்சு முட்டி உட்கார்ந்தேன். பிறகு குச்சியை ஊன்றி, இடது முழங்காலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்து எழுந்து, புறங்கையால் முகத்தைத் துடைத்துவிட்டு எல்லோரையும் ஒரு முறை முறைத்தேன். நால்வரும் விழுந்து கும்பிட்டார்கள்.

என் மகள் இதையும் எடுத்துக்கொண்டிருந்தாள். பெற்ற தாய் மூச்சுத் திணறுகிறாள், அவள் கைபேசியை நிறுத்தவில்லை.

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் கூட்டம். ஒருத்தி பையனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். ஒருத்தி விபூதி மட்டும் போதும் என்றாள். "என் மேல ஒண்ணும் வரலைம்மா" என்று நான் எவ்வளவு சொன்னாலும், "சாமி வந்தவங்களுக்குத் தெரியாதுக்கா" என்று கீழ் வீட்டுக்காரி எனக்காக வக்காலத்து வாங்கினாள். கடைசியில் எனக்கே பயம் வந்துவிட்டது. ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவேற்காட்டுக்குப் போய் அம்மன் கோவிலில் நின்றேன். நீ வந்ததாக நான் சொல்லவில்லை, வரவில்லை என்பதை அழுத்திச் சொல்லாததுதான் என் தப்பு, மன்னித்துக்கொள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்படியே அந்தத் தொடரையும் சீக்கிரம் கொண்டு வந்துவிடு என்று ஒரு கோரிக்கையையும் சேர்த்தேன்.

அம்மன் அவசரப்படவில்லை. முதலில் தீபாவளிக்கு வரும் என்றாள் மகள். பிறகு பொங்கல் என்றாள். வெளிநாட்டில் அதை எடுக்கும் கம்பெனியில் இயக்குநர் மாறினார். வந்தவருக்குப் பாதி பிடிக்கவில்லை, திரும்ப வரைந்தார்கள். வாங்குவதாகச் சொன்னவர்கள் பின்வாங்கினார்கள், வேறு யாரோ வாங்கினார்கள். இரண்டு தீபாவளி, இரண்டு பொங்கல் போனது. இதற்கிடையில் சொந்தக்காரர்களுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார், பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "எஞ்சினியரிங் படிச்சிட்டுப் பொம்மை வரையுதாமே. அதுவாவது எங்கயாவது வந்திருக்கா?" என்றார். நான் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பதில் சொல்ல முடியாததுதான் எரிச்சல். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து மகளிடமே கேட்டேன்.

"ஒருவேளை அது வராமயே போயிட்டா?"

அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"வரலைன்னா அது இல்லவே இல்லம்மா. வேற வேலைக்குப் போனாக்கூட, நான் இதைத்தான் செஞ்சேன்னு எடுத்துக் காட்டக் கூடாது. நாலு வருஷம் நான் சும்மா இருந்த மாதிரிதான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கல்லில் இருந்த தோசை கருகிவிட்டது. அவள் கண் எரிய எரிய உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கை மடங்குவதை நாற்பது தடவை வரைந்து நாற்பத்தோராவது தடவை சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். அது இல்லாமல் போய்விடுமா?

அதற்குப் பிறகு ஒரு நிமிட முன்னோட்டம் மட்டும் வந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் கைபேசியை என் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அதில் ஒரு பெண்ணின் முதுகு கண் இமைக்கும் நேரம் வந்து போனது. அந்த முதுகு எனக்குப் பிடித்தது. கீழே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் எழுதியிருந்ததைத் தட்டுத் தடுமாறிப் படித்தேன். இது இந்த ஜென்மத்தில் வராது என்று ஒருவன். ஏமாற்றுக்காரர்கள் என்று இன்னொருவன். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "தம்பி, என் பொண்ணு தூங்காம" வரைக்கும் தட்டிவிட்டேன். மகள் ஈரத் தலையோடு வந்து கைபேசியைப் பிடுங்கினாள்.

"ம்மா! என்னை ஜெயிலுக்கு அனுப்பப் போறியா?"

"அவன் திட்டறான்டி."

"திட்டறவன்தாம்மா காத்துக்கினு இருக்கான். வேணாங்கிறவன் எதுக்கு இங்க வந்து திட்டப் போறான்?"

அது எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து, இன்று எத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சந்தோஷப்பட ஆரம்பித்தேன்.

கடைசியில் ஒரு நாள் தேதி சொல்லிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை மணி. என் வீட்டுக்காரர் லீவு போட்டார். உடம்புக்கு முடியாமல் போனால்கூட லீவு போட யோசிக்கிற மனுஷன். காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஏதோ பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பவர் மாதிரி டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் அண்டா அளவுக்குப் பாயசம் வைத்தேன். கீழ் வீட்டுக்காரியிடம் காரணம் சொல்லாமல், "டிவி பாக்க வா" என்று மட்டும் சொன்னேன். "இன்னாக்கா படம்?" என்றாள். "வந்து பாரு" என்றேன்.

மகள் பிரிட்ஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து டிவி சரியாகத் தெரியாது. எங்கள் முகம்தான் தெரியும்.

"எதுல வரும்?" என்றேன்.

"நாலாவது எபிசோட்."

மூன்று எபிசோடையும் பார்த்தோம். கதையில் பாதி எனக்குப் புரியவில்லை. மற்ற நாளில் செய்தி முடிவதற்குள் குறட்டை விடுகிற என் வீட்டுக்காரர் இமைக்கவில்லை. நாலாவது தொடங்கியது. ஒரு ஆற்றங்கரை, படகு கட்டும் கொட்டகை, எங்கும் தீ. தடித்த உடம்பு, நரைத்த முடி, என் வயசில் ஒரு பெண். அவள் பின்னால் ஒரு சின்னப் பெண்ணை மறைத்து நிறுத்தியிருக்கிறாள். எதிரில் ஏழு பேர். கையில் ஒரு ஈட்டி.

கொண்டை அவிழ்ந்தது. அவள் கத்திக்கொண்டு சுழன்றாள். என்ன சொல்ல, மயிர்க்கூச்செறிந்துவிட்டது எனக்கு. ஒரு பெரிய உருவம் அவளை ஆற்றுக்குள் தள்ளுகிறது. தண்ணீருக்குள் போய்விடுகிறாள். முடிந்தது என்று நினைக்கும்போது ஈட்டியை ஊன்றிக்கொண்டு எழுகிறாள். எழும்போது இடது முழங்கால் ஒரு கணம் தயங்குகிறது. பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முறைக்கிறாள். அந்த முறைப்பில் ஏழு பேரில் ஒருவன் ஆயுதத்தைக் கீழே போடுகிறான்.

கீழ் வீட்டுக்காரி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். டிவியைப் பார்த்தாள். என் முழங்காலைப் பார்த்தாள்.

"யக்கா... இது நீயாச்சே."

நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

"அன்னிக்கி மாடில... அப்போ அது சாமி இல்லியா? ஒரு பக்கெட்டு மஞ்சத்தண்ணி ஊத்துனேனேக்கா! மூணு வாரம் வெளக்கு வெச்சேனே!"

ஒரு கணம் அவளுக்குக் கோபம் வந்தது தெரிந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். என் வீட்டுக்காரர் மட்டும் "ஸ்ஸ்" என்று எங்களை அடக்கினார். எபிசோட் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்திருந்தன.

அதற்குத்தானே நான் நாலு வருடம் காத்திருந்தேன்! ஆனால் பெயர்கள் வந்ததும் திரை சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விட்டது. அடுத்த எபிசோட் ஐந்து நொடியில் என்று எண்ணுகிறது. "அமுக்குங்க! அமுக்குங்க!" என்று கத்தினேன். அவர் எதையோ அமுக்க, ஐந்தாவது எபிசோட் ஓடியது. திரும்பிப் போனோம். மூன்றாவது தடவைதான் பெயர்கள் முழுத் திரையில் நின்றன. நான் டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று படித்தேன். வெளிநாட்டுப் பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. சாப்பாடு ஏற்பாடு செய்தவரின் பெயர்கூட இருந்தது. கடைசியில் அம்பத்தூர் கம்பெனியின் பெயர் ஒரே ஒரு வரியாக வந்தது. அதற்கு அடியில் யாரும் இல்லை. பிறகு இருட்டு.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

"வராதும்மா" என்றாள் மகள், தரையில் இருந்தபடியே. "எங்க ஆளுங்க பேரு யாரோடதும் போடல. எனக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"உன் மூஞ்சிய இன்னைக்கு வரைக்கும் பாக்கணும்னுதான் சொல்லல."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஒட்டடைக் குச்சி கையில் இருந்திருந்தால் டிவி உடைந்திருக்கும். அப்போது என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். மகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"குடியரசு தினத்தன்னைக்கு டெல்லில அணிவகுப்பு காட்டுவான் இல்ல. டாங்க் வரிசையா போகும். அதுல எங்கயும் என் பேரு கெடையாது. ஆனா அது திரும்பும்போது ஒரு எடத்துல கொஞ்சம்கூடக் குலுங்காது. அந்த எடம் நான் பண்ணது. வருஷா வருஷம் அதை மட்டும்தான் பாப்பேன்."

முப்பது வருடத்தில் தன் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் பேச்சு அதுதான். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஒவ்வொரு வருடமும் அந்த அணிவகுப்பைப் பார்த்திருக்கிறேன். இந்த மனுஷன் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு அது போதும் என்று முகத்தில் தெரிந்தது.

எனக்குப் போதவில்லை.

"இப்ப அது வெளிய வந்துடுச்சு இல்ல? சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"இப்ப சொல்லலாம்மா. ஆனா..."

"நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டவங்க. நான் எதுலயும் போடல."

பாயசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். கீழ் வீட்டுக்காரி டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, என் மகளின் பெயரை இனிஷியலோடு சொல்லி, அவள் நாலு வருடம் என்ன செய்தாள் என்று சொன்னேன். அடுத்த வீட்டிலும் சொன்னேன். மாடிப்படி முழுக்க எதிரொலிக்கிற மாதிரித்தான் சொன்னேன். என் குரல் அப்படி.

நாலாவது வீட்டில் கதவைத் திறந்த பெண்ணுக்கு என் பேச்சு ஒன்றும் பிடிபடவில்லை. "பெரிய படமாக்கா? அதுல உன் பொண்ணு என்ன பண்ணிச்சு?" என்றாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் என் தோளுக்குப் பின்னால் குரல் கேட்டது. மகள் செருப்புக்கூடப் போடாமல் படியேறி வந்து நின்றிருந்தாள்.

"நாலாவது எபிசோட் பாருங்க ஆன்ட்டி" என்றாள். "அந்தப் படகுக் கொட்டகைச் சண்டை. அது நான் பண்ணது."